வியாழக்கிழமை கழுவிய வீடு

குடவாசல் பள்ளிவாசல் தெருவில் மூஸாவைத் தெரியாதவர்கள் ஒருவேளை இருக்கலாம். அவருடைய சாவிக்கொத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. அதில் பதினோரு வீட்டுச் சாவிகள் தொங்கின. துபாய், புருனை, கோலாலம்பூர் என்று போய்ச் சம்பாதித்தவர்கள் ஊரில் ஆளுக்கொரு அரண்மனை கட்டினார்கள். கட்டிய கையோடு, அதில் குடியிருக்க நேரமில்லாமல் மறுபடி விமானம் ஏறினார்கள். பெட்டியைக் காரில் ஏற்றுவதும் சாவியை மூஸாவின் கையில் வைப்பதும் ஒரே மூச்சில் நடக்கும்.

சாவி வாங்குவதை லேசான காரியம் என்று நினைத்துவிடக் கூடாது. சொந்தத் தம்பியை நம்பாதவர்கள்கூட மூஸாவை நம்பினார்கள். அவர் மாட்டுத் தரகரின் மகன். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து, முகத்தில் எதையும் காட்டாமல் விலை முடிக்கிற வித்தையை அத்தாவின் பக்கத்தில் நின்று பழகியவர். அப்புறம் சார்ஜாவில் பதினேழு வருஷம் ஜவுளிக்கடையில் நின்று இருபது தேசத்துப் பெண்களோடு பேரம் பேசியவர். பத்தொன்பது தேசத்தை ஜெயித்ததாகச் சொல்லுவார். எந்தத் தேசத்திடம் தோற்றீர்கள் என்று கேட்டால், பள்ளிவாசல் தெருவிலிருந்து வந்தவர்களிடம் என்பார்.

ஊர் திரும்பி எட்டு வருஷமாகிறது. செவ்வாயன்று ஆரம்பித்தால் வியாழனில் பதினோரு வீட்டையும் சுற்றி முடிப்பார்கள், அவரும் மனைவி ஆசியாவும். கடைசியாக மீரா உசேன் வீடு. மறுநாள் வெள்ளி என்பதால் அந்த வீட்டுக்குத் தனி மரியாதை. மற்ற வீடுகளில் செய்வதையே இங்கே இன்னும் தாராளமாக, மோட்டாரைப் போட்டு, ஹோஸைப் பிடித்து, பளிங்குத் தரை முழுக்கத் தண்ணீர் விட்டுக் கழுவுவார் மூஸா. ஆசியா பினாயில் ஊற்றித் தள்ளுவாள். பிறகு அறைக்கு அறை சாம்பிராணி. அந்தி மயங்கி மஃரிபு பாங்கு சொல்வதற்குள் சன்னல்களை எல்லாம் இறுகச் சாத்தி, கதவைப் பூட்டி, ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வருவார். மழை, புயல், பெருநாள் என்று எதற்காகவும் ஒரு வியாழன் தவறியதில்லை. சம்பளத்துக்கு வைத்த ஆள் இப்படிச் செய்வானா என்று தெருவே கேட்கும். மூஸா தாடியைத் தடவிக்கொள்வார்.

ஆனாலும் ஒவ்வொரு கார்த்திகையிலும் மீரா உசேன் வீட்டுச் சுவரில் கறுப்பு பூத்தது. மூஸா பெயின்ட் அடிப்பார். மறு கார்த்திகையில் அந்தப் பெயின்டின் மேலேயே பூக்கும். இந்த வருஷம் பெரிய படுக்கையறையில், பீரோவுக்குப் பின்னால், முழங்கால் உயரத்துக்குச் சுவரே தெரியவில்லை. அதையும் பெயின்டில் மறைத்திருப்பார். அதற்குள் ஆசியா வீடியோ காலில் மீரா உசேன் மனைவிக்குப் புதுத் திரைச்சீலையைக் காட்டப்போய், சுவரையும் சேர்த்துக் காட்டிவிட்டாள்.

அன்று மாலையே துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் மீரா உசேனின் குரல்பதிவு வந்தது. மூஸாவுக்கு அவர் மாமன் மகன். இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

"மச்சான், நம்ம பொண்ணு ஷமா மாசி மாசம் பிரசவத்துக்கு ஊருக்கு வர்றா. சின்னதுலேர்ந்து அவளுக்கு இளைப்பு, உனக்கே தெரியும். அந்தச் சுவர் பக்கத்துல புள்ளத்தாச்சியப் படுக்க வைக்க முடியாது. திருச்சியில ஒரு கம்பெனி இருக்கு. பூசணம் எடுக்கறதுக்குன்னே படிச்சு சர்டிபிகேட் வாங்கினவங்க. அவங்களே சுத்தம் பண்ணி, சாவியையும் வச்சுப் பாத்துக்கிறாங்களாம். தப்பா எடுத்துக்காத."

மூஸா அதை மூன்று தரம் கேட்டார். மற்ற பத்து வீடும் மீரா உசேனின் தம்பிகளுடையதும் சம்பந்திகளுடையதும். அவர் எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கம் பத்துத் தலையும் திரும்பும். ஒரு சாவி போனால் பதினொன்றும் போகும். அதற்குப் பிறகு தெருவில் மூஸா யார்? ஊர் திரும்பி வந்து சும்மா இருக்கிற இன்னொரு ஆள்.

மீரா உசேனைக் கூப்பிட்டார். "சர்டிபிகேட்தானே மச்சான்? நான் வாங்கிட்டு வர்றேன். தை பொறக்கறதுக்குள்ள."

"வாங்கலன்னா?"

"வாங்கலன்னா சாவிய நானே கொண்டுபோயி திருச்சிக்காரங்க கையில குடுக்குறேன்."

"சொல்லு மாறக் கூடாது."

"நான் என்னைக்கு மாறியிருக்கேன்."

தஞ்சாவூரில், மருத்துவக் கல்லூரிச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தப் பயிற்சி மையம். மேசைக்குப் பின்னால் இருந்தவள் பெயர் வேம்பு. முப்பத்துநாலு வயசு. திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில், அடுத்தவர் வயலில் நடவு நட்ட குடும்பம். இவள் நுண்ணுயிரியல் படித்து, சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். மூஸா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கடைக்குள் நுழைந்த தோரணையில் உட்கார்ந்தார்.

"பத்து நாள் பயிற்சிங்க பாய். அதுக்கப்புறம் ஒரு நெஜ வீட்டுல பரீட்சை," என்றாள் வேம்பு.

"நமக்கு எட்டு வருஷ அனுபவம் இருக்கும்மா. பதினோரு வீட்டக் கட்டி மேய்க்கிறவன். நாலு நாளாக் குறைச்சுக்குங்க."

"பத்து."

"சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ஆறு."

"பத்துங்க பாய்."

மூஸா எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். அவர் அறிந்த உலகத்தில் மூன்றாவது அடிக்குள் பின்னாலிருந்து குரல் வந்துவிடும். மூன்றாவது அடி வைத்தார். நாலாவது வைத்தார். மாடிப்படியின் கைப்பிடியைத் தொட்டபோது குரல் வந்தது. "அடுத்து யாரு? திருத்துறைப்பூண்டி செல்லதுரையா? உள்ள வாங்க."

மூஸா திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். "பத்துன்னா பத்துதான். சும்மா கேட்டுப் பாத்தேன்."

அவருக்குப் பின்னால் வந்து நின்ற செல்லதுரை பெயின்டர். இருபது வருஷமாக டெல்டாவின் ஓதச் சுவர்களுக்கு எல்லாம் வெள்ளையடித்தவன். "நீங்க நாலுன்னு ஆரம்பிச்சிருக்கக் கூடாது பாய். ஒண்ணுன்னு ஆரம்பிச்சிருந்தா ஒன்பதுக்கு முடிஞ்சிருக்கும்," என்றான். அன்றைக்கே இருவரும் சிநேகிதமானார்கள்.

முதல் நாள் மூஸாவின் தாடிக்குச் சோதனை வந்தது. மூக்கையும் வாயையும் இறுக மூடுகிற கவசத்தைப் போட்டுவிட்டு, தலைக்கு மேல் ஒரு பையைக் கவிழ்த்து, அதற்குள் புகை மாதிரி எதையோ பீய்ச்சினாள் வேம்பு.

"வாய்ல ஏதாவது ருசி தெரியுதா பாய்?"

"இனிப்பா இருக்கும்மா. நல்லா இருக்கு."

"போச்சு. உங்களுக்கு நல்லா இருந்தா கவசம் நல்லா இல்லன்னு அர்த்தம். சாக்கரீன் தண்ணிதான் அடிச்சேன். அது உள்ள வருதுன்னா தாடி வழியா பூஞ்சை வித்தும் உள்ள வரும்."

செல்லதுரை தன் மழித்த கன்னத்தைப் பெருமையாகத் தடவிக்கொண்டான். மூஸா எழுந்து நின்றார். "தாடிய எடுக்கச் சொல்லாதீங்கம்மா. அது மட்டும் ஆகாது."

"யாரு எடுக்கச் சொன்னா? தலையோட மூடுற வகை ஒண்ணு இருக்கு. இடுப்புல ஒரு காத்தாடி, சுத்தமான காத்த உள்ள ஊதிக்கிட்டே இருக்கும். அதப் போட்டுக்குங்க."

போட்டுப் பார்த்தபோது மூஸா நிலவுக்குப் போகிற ஆள் மாதிரி இருந்தார். லுங்கியை மட்டும் கழற்றி, பேன்ட் மாட்ட வேண்டியிருந்தது. செல்லதுரை போட்டோ எடுத்து அனுப்ப, ஆசியா குடவாசலிலிருந்து கூப்பிட்டு, "என்னங்க, பூசணம் எடுக்கப் போறீங்களா, ஹஜ்ஜுக்கு ராக்கெட்டுல போறீங்களா?" என்று கேட்டாள்.

மூன்றாம் நாள்வரை மூஸாவுக்கு இதெல்லாம் வேஷமாகத்தான் பட்டது. சுவரில் ஒரு அழுக்கு. அதைத் துடைக்க ஒரு படிப்பு. படிப்புக்கு ஒரு முத்திரை. உலகத்தில் எதையும் முத்திரை குத்தி விற்பார்கள் என்று சார்ஜாவிலேயே பார்த்தவர் அவர். நாலாம் நாள், வீட்டிலிருந்து பூசணம் பிடித்த பொருள் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாள் வேம்பு. மூஸா மீரா உசேன் வீட்டுப் பீரோவில் கிடந்த ஒரு தோல் பெல்ட்டைக் கொண்டுபோனார். அவள் அதன்மேல் கண்ணாடி டேப்பை ஒட்டி, மெல்ல உரித்து, ஒரு கண்ணாடிச் சில்லில் பதித்து, நுண்ணோக்கியில் வைத்தாள்.

"வாங்க பாய். ஒரு கண்ண மூடிக்கிட்டு பாருங்க."

மூஸா குனிந்தார். முதலில் வெறும் வெளிச்சம். வேம்பு ஒரு திருகைத் திருப்பினாள். வெளிச்சத்துக்குள்ளிருந்து ஒரு தோப்பு எழுந்து வந்தது.

கண்ணாடிக் குழாய் போலக் காம்புகள். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஒரு உருண்டை. அந்த உருண்டையைச் சுற்றி, கல்யாண மண்டபத்துச் சரவிளக்கு மாதிரி, மணிமணியாகக் கோத்த சரங்கள். எண்ணினால் ஒரு சரத்திலேயே முப்பது மணி. ஒன்றுகூடக் கோணல் இல்லை. ஒன்றுகூடப் பெரிசு சிறிசு இல்லை. நகையாசாரி ஆறு மாசம் உட்கார்ந்தாலும் வராத வேலை, ஒரு பழைய பெல்ட்டின் மேல், யாரும் கேட்காமல், பூட்டிய பீரோவின் இருட்டுக்குள் நடந்திருந்தது.

"சுப்ஹானல்லாஹ்," என்றார் மூஸா. குரல் மிகச் சன்னமாக வந்தது.

அவர் கண்ணை எடுக்கவே இல்லை. பின்னால் செல்லதுரை, "பாய், சீட்டு புடிச்சு உக்காந்துட்டீங்க, நாங்களும் பாக்க வேணாமா?" என்றான். அவர் காதில் விழவில்லை.

"அந்த மணி ஒவ்வொண்ணும் ஒரு வித்து," என்றாள் வேம்பு. "ஒரு வெரல் நுனியில லட்சக்கணக்குல நிக்கும். இந்த ரூமுலயும் இப்ப மெதந்துகிட்டுதான் இருக்கு. உங்க சட்டையில இருக்கு, என் தலைமுடியில இருக்கு. சும்மாதான் இருக்கும். வருஷக்கணக்கா சும்மா காத்திருக்கும். ரெண்டு நாள் ஈரம் கெடைச்சாப் போதும், வேர் விட்டுரும்."

"இத ஏம்மா அல்லா படைச்சான்?"

வேம்பு கொஞ்சம் யோசித்தாள். "எங்கப்பா வேல செஞ்ச வயல்ல அறுப்பு முடிஞ்சதும் தாள மடக்கி உழுவாங்க. அடுத்த நடவுக்குள்ள அது மண்ணாயிருக்கும். மண்ணாக்குறது யாருன்னு நெனைக்கிறீங்க? இதோட சொந்தக்காரங்கதான். இவங்க இல்லன்னா சோழர் காலத்து வைக்கோல் இன்னமும் அப்படியே மலையாக் குமிஞ்சு கெடக்கும் பாய். நாத்து நட எடமே இருக்காது."

அன்று கும்பகோணம் வழியாகக் குடவாசலுக்குத் திரும்பும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்த மூஸா, இருபுறமும் கதிர் வாங்கி நின்ற சம்பா வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறந்ததிலிருந்து பார்க்கிற வயல்தான். ஆனால் அன்று அதன் அடியில், சேற்றுக்குள், கூலி கேட்காத ஒரு பெருங்கூட்டம் வேலை செய்துகொண்டிருந்தது. நடத்துநர் இரண்டு தரம் டிக்கெட் கேட்டார்.

மறுநாளிலிருந்து அவர் பேரம் பேசவில்லை. காய்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் தட்டினால் ஊர் முழுக்கப் பரப்புகிறோம் என்று தெரிந்துகொண்டார். பெயின்டை அதன்மேல் அடிப்பது அதற்குப் போர்வை போர்த்துவது என்று தெரிந்தபோது, செல்லதுரையும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இருபது வருஷமா போர்வை வித்திருக்கேன் பாய்," என்றான் செல்லதுரை. பாலித்தீன் திரை கட்டி அறையைப் பிரிப்பது, விசிறியால் காற்றை வெளியே இழுப்பது, நனைத்துத் துடைப்பது, துடைத்த துணியை அங்கேயே பையில் போட்டுக் கட்டுவது என எல்லாம் பழகினார். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பாடத்தை வேம்பு தினமும் சொன்னாள். "பூஞ்சைய எடுக்கறது ரெண்டாவது வேல. தண்ணி எங்கேருந்து வருதுன்னு கண்டுபுடிக்கறது மொத வேல. அறிக்கையில 'காரணம்'னு ஒரு கட்டம் இருக்கு. அது சரியா இல்லன்னா, சுவத்த எவ்வளவு வெள்ளையாத் துடைச்சிருந்தாலும் சர்டிபிகேட் கெடையாது. அறிக்கையோட நகல் வீட்டுக்காரருக்கும் போவும்."

பரீட்சைக்கு மீரா உசேன் வீட்டையே கொடுத்தார் மூஸா. ஒரே கல்லில் மூன்று மாங்காய்; சுவரும் சுத்தமாகும், சர்டிபிகேட்டும் வரும், சாவியும் நிற்கும். மார்கழியின் ஒரு காலையில் வேம்பு வந்து இறங்கினாள். கூடவே உதவிக்குச் செல்லதுரை. அவனுக்கு அடுத்த வாரம் பரீட்சை.

"நான் ஒண்ணும் பேச மாட்டேன். நீங்க பாருங்க, நான் எழுதிக்கிறேன்," என்றாள் வேம்பு.

மூஸா ஈரம் பார்க்கிற மீட்டரைக் கையில் எடுத்தார். இரண்டு ஊசி முனைகள். சுவரில் வைத்தால் உள்ளே இருக்கிற ஈரத்தை எண்ணாகச் சொல்லும். மேல்தளத்தில் வைத்தார். பத்து. உலர்ந்திருந்தது. ஐப்பசி கார்த்திகை முழுக்கப் பெய்த மழை ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. வெளிச்சுவரின் மேல்பகுதி, பன்னிரண்டு. குளியலறைக் குழாய்களை அடைத்து அழுத்தம் வைத்துப் பார்த்தார், ஒழுகல் இல்லை. அப்புறம் பீரோவை நகர்த்திவிட்டு, கறுத்த சுவரின் அடியில் வைத்தார். முப்பத்தொன்று.

அடுத்த அறை. அடியில் முப்பது. கூடத்தில் முப்பது. வீட்டின் நடுவே, வானத்தையும் மண்ணையும் பார்க்காத தடுப்புச் சுவரிலும் முப்பது. எல்லா இடத்திலும் ஒரே உயரம். கீழிருந்து இரண்டடி வரை ஈரம், அதற்கு மேல் உலர். நூல் பிடித்துக் கோடு போட்ட மாதிரி.

"இந்த வீட்டுக்குள்ள வெள்ளம் வந்துச்சா பாய்?" என்று கேட்டாள் வேம்பு, பேச மாட்டேன் என்றவள்.

"நான் சாவி வாங்கி எட்டு வருஷத்துல வந்ததில்லம்மா."

அவள் எழுதிக்கொண்டாள். "அந்தக் கதவு?"

கூடத்தின் கோடியில் ஒரு சின்ன அறை பூட்டிக் கிடந்தது. மீரா உசேனின் உம்மா மௌத்தாகி, அடக்கம் முடிந்தபோது அவருடைய சாமான்களை எல்லாம் அதில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சாவி மூஸாவிடம்தான் இருந்தது. ஆனால் யாரும் திறக்கக் கூடாது என்பது சொல். எட்டு வருஷத்தில் மூஸா அந்தத் தாழ்ப்பாளைத் தொட்டதில்லை. எல்லா அறையையும் அளந்தால்தான் கணக்கு முழுசாகும் என்றாள் வேம்பு. மீரா உசேனுக்குச் செய்தி அனுப்பினார்கள். 'திற' என்று ஒரு சொல்லில் பதில் வந்தது.

கதவு முனகிக்கொண்டு திறந்தது. உள்ளே தூசி விரலளவுக்குப் படிந்திருந்தது. ஒட்டடை தோரணம் கட்டியிருந்தது. மேலே, சன்ஷேடுக்கு அடியில், வெளிச்சத்துக்காக வைத்த சிறு சன்னலின் கண்ணாடி எப்போதோ உடைந்து, அதன் வழியாகப் புறாக்கள் வந்து குடும்பம் நடத்திப் போயிருந்தன. மூஸாவுக்கு வெட்கமாகப் போயிற்று. தன் பொறுப்பில் இருக்கிற வீட்டில் இப்படி ஒரு அறை. "மன்னிச்சுக்கம்மா, இங்க மட்டும் கைவைக்கல," என்றார்.

"அளங்க."

ஊசியை அடிச்சுவரில் வைத்தார். ஒன்பது.

மீட்டர் கெட்டுவிட்டதென்று நினைத்துத் தட்டினார். மறுபடி வைத்தார். ஒன்பது. வேறு மூலையில் ஒன்பது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துச் சுவரை நெடுகப் பார்த்தார். ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. மெத்தை, பாய், மரப்பெட்டி, துணி மூட்டை எல்லாம் தூசிக்கடியில் அப்பளம் மாதிரி உலர்ந்திருந்தன. பெட்டிமேல் கிடந்த உம்மாவின் தோல் செருப்பை எடுத்து முகர்ந்தார். தோல் வாசம் மட்டும் இருந்தது. அவர் துடைத்துத் துடைத்து வைத்த பீரோவில் கிடந்த பெல்ட் தோப்பாகியிருந்தது. அவர் தொடாத செருப்பு செருப்பாகவே இருந்தது.

உடைந்த கண்ணாடி வழியாகக் காற்று வந்து அவர் நெற்றியில் பட்டது.

மூஸா அங்கேயே நின்றார். ஒரே வீடு, ஒரே மண், ஒரே மழை. வித்தியாசம் ஒன்றுதான். இந்த அறையை அவர் கழுவவில்லை. ஹோஸிலிருந்து பளிங்கில் ஓடிய தண்ணீர் எல்லாம் அவர் கண்ணுக்குள் ஓடியது. தள்ளியது போக மிச்சம் கல் இடுக்கில் இறங்கும். அடியில் இருக்கிற மணலில் ஊறும். சுவர் அதை உறிஞ்சி ஏற்றும். அது ஆவியாகி வெளியே போகப் பார்க்கும்போது மஃரிபுக்கு முன்னால் சன்னலை எல்லாம் சாத்தி, கதவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார் ஒரு பொறுப்பான மனிதர். ஏழு நாளில் பாதி உலர்வதற்குள் அடுத்த வியாழன். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வெள்ளம். பெல்ட்டின் மேல் சரவிளக்கு ஏற்றி வைத்தது அவருடைய கைதான்.

வேம்பு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நோட்டை மூடினாள். "வீட்ட யாரு பாத்துக்கிறாங்கன்னு நான் கேக்க மாட்டேன் பாய். அது பரீட்சையில இல்ல. ஆனா 'காரணம்'ங்குற கட்டத்த நான் நெரப்ப முடியாது."

அடுத்த மூன்று நாளும் சுத்தம் செய்கிற வேலை. நிலவு மனிதர் உடுப்பில், பாலித்தீன் திரைக்குள், காற்றாடி காதோரம் ஊத, மூஸா அந்தக் கறுப்புச் சுவருக்கு எதிரே மண்டியிட்டார். டார்ச்சைச் சாய்த்தால் அது வெல்வெட் மாதிரி மின்னியது. வட்டம் வட்டமாக, ஒன்றின் எல்லையில் ஒன்று நின்று, பச்சையும் கறுப்பும் சாம்பலுமாக ஒரு பூலோகப் படம். அதை நனைத்து, துடைத்து, பூச்சு இளகிய இடத்தைச் சுரண்டி எடுத்துப் பையில் கட்டும்போது அவருக்கு வெறுப்பு வரவில்லை. பெரிய இடத்து ஆளை மரியாதையோடு வாசல்வரை கொண்டுவிடுகிற மாதிரிதான் இருந்தது.

கடைசி நாள் டீ குடிக்கும்போது செல்லதுரை மெல்ல ஆரம்பித்தான். "மழைன்னு எழுதிருங்க பாய். மழை வந்து சாட்சி சொல்லவா போவுது?"

"அந்த அம்மா ஒத்துக்குமா?"

"இழுத்துப் புடிச்சு எழுதுனா ஒத்துக்கும். பக்கத்துல குளம், ஓதம் ஏறுதுன்னு எழுதுங்க. நீங்க பாட்டுக்குக் கழுவுறத நிறுத்திருங்க. சுவரு காய்ஞ்சிரும். சாவியும் நிக்கும். ஒருத்தருக்கும் ஒரு நட்டமும் இல்ல."

மூஸா அதை யோசிக்காமல் இல்லை. இன்னும் சொன்னால், செல்லதுரைக்கு முன்னாலேயே யோசித்திருந்தார். எட்டு வருஷத்து நல்ல பேரை ஒரு கட்டத்துக்குள் எழுதிக் கொடுப்பது எந்த வியாபாரத்தில் சேர்த்தி?

அன்று மதியம் ஆசியா சாப்பாடு எடுத்துவந்தாள். வெள்ளையாகத் துலங்கிய படுக்கையறையைப் பார்த்துவிட்டு, "ஷமா கொடுத்துவச்சவ," என்றாள். "அவ உம்மாகிட்ட சொல்லிட்டேன். புள்ள பொறந்து நாப்பது நாளும் இந்த ரூமுலதான். சன்னலத் தொறக்கவே விட மாட்டேன், பச்ச உடம்புக்குக் காத்து ஆகாது. தெனம் வெந்நி ஊத்தறதுக்கு உள்பாத்ரூம் இருக்கு. வியாழக்கிழமயில வீட்ட நல்லாக் கழுவி விட்டு சாம்பிராணி போட்டா கொழந்தைக்கும் நல்லது."

மூஸாவின் கையில் சோற்றுருண்டை அப்படியே நின்றது.

நாற்பது நாள். சாத்திய சன்னல். வெந்நீர் ஆவி. வியாழன்தோறும் ஹோஸ். அதற்கு நடுவில் ஒரு குழந்தையின் மூக்கு, நுண்ணோக்கியில் பார்த்தால்கூடப் பெரிதாகத் தெரியாத மூக்கு. அவர் கழுவுவதை நிறுத்தலாம். ஆனால் காரணம் மழை என்று எழுதிய வீட்டில் மற்ற யாரும் எதற்காக நிறுத்துவார்கள்?

கையைக் கழுவிவிட்டுப் போய் அறிக்கையை எடுத்தார். காரணம் என்ற கட்டத்தில் எழுதினார்: 'எட்டு வருஷமாக வாரம் ஒரு முறை தரை முழுக்கத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரம் உலர்வதற்குள் சன்னல்களைச் சாத்திப் பூட்டியது. பூட்டியவர்: சாவி வைத்திருக்கும் மூஸா, அதாவது இதை எழுதுகிறவர்.' கீழே, இனி செய்ய வேண்டியது என்ற இடத்தில், தண்ணீர் விடாமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும், பகலில் எல்லாச் சன்னலும் திறந்திருக்க வேண்டும், பிள்ளை பெற்றவள் இருந்தாலும் திறந்திருக்க வேண்டும் என்று எழுதி, கடைசி வரியை இரண்டு தரம் அடிக்கோடிட்டார்.

வேம்பு நின்றபடியே படித்தாள். படித்து முடித்து உட்கார்ந்தாள். இன்னொரு தரம் படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

"பாஸாம்மா?"

"பாஸ் பாய். மூணு வருஷமா இந்தக் கட்டத்த வாசிக்கிறேன். எல்லார் வீட்டுலயும் மழதான் காரணம்." அவள் பேனாவை மூடினாள். "வீட்டுக்காரருக்கு நகல் நான் அனுப்பட்டுமா, நீங்க அனுப்புறீங்களா?"

"நானே அனுப்புறேன்."

அனுப்பிய பத்தாவது நிமிஷம் போன் வந்தது. மூஸா கூடத்தின் நடுவில், திறந்த சன்னல்களுக்கு இடையே நின்றுகொண்டு எடுத்தார். ஆசியா சமையலறை வாசலில் நின்றாள். அவளும் படித்திருந்தாள்.



"எட்டு வருஷம்," என்றார் மீரா உசேன்.

"ஆமா மச்சான்."

"ஒரு வியாழன்கூடத் தவறலையா?"

"ஒண்ணுகூடத் தவறல."

"நாசமாப் போறவனே. நாலு வாரமாவது என்ன ஏமாத்தியிருக்கக் கூடாதா?"

ஆசியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"தம்பிங்க வீட்டுலயும் இப்படித்தானா?"

"எல்லா வீட்டுலயும். நாளைலேர்ந்து ஒவ்வொண்ணா அளந்து அறிக்க அனுப்பறேன். அதுலயும் இதேதான் எழுதியிருக்கும். அதுக்கப்புறம் சாவிய யாருகிட்ட குடுக்கச் சொல்றீங்களோ குடுத்துடறேன்."

மீரா உசேன் அதைக் கேட்காத மாதிரி, "உம்மா ரூமு ஒன்பதா?" என்றார்.

"ஒன்பது. செருப்புகூட அப்படியே இருக்கு மச்சான். மோந்து பாத்தேன்."



"ஷமாவுக்கு டிக்கெட் போடணும். எப்பன்னு போடட்டும்?"

விலை சொல்லாமல், தேதி சொல்லாமல், ஏதாவது ஒன்றைச் சொல்லி வைக்காமல் மூஸா எந்தப் பேச்சையும் முடித்ததில்லை. அவர் குனிந்து, சுவரின் அடியில் மீட்டரை வைத்தார்.

"தெரியல மச்சான். பதினாறுக்குக் கீழ வரணும். இன்னைக்கு இருபத்தேழு. மேல்பூச்சு எடுத்தாச்சு, சன்னல் தொறந்தாச்சு. சுவரு எப்ப விடும்னு என்னால சொல்ல முடியல."

"நீ சொல்லு, அன்னைக்கு போடுறேன். அதுவரைக்கும் தெனம் காலைல நம்பர் அனுப்பு." ஒரு கணம் நின்று, "திருச்சிக்காரனுக்கு வேணாம்னு சொல்லிடறேன்," என்றுவிட்டு வைத்தார்.

மறுநாள் காலை மூஸா வீட்டுக்குள் நுழைந்தபோது சம்பா வயல் பக்கத்திலிருந்து காற்று கூடத்தின் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, சத்தம் போடாமல் நடந்து, அதே இடத்தில் உட்கார்ந்து ஊசியை வைத்தார்.

இருபத்தாறு.

கண்ணுக்குத் தெரியாமல், யாரும் தள்ளாமல், ஒரே நாளில் அந்தச் சுவரிலிருந்து எத்தனை குடம் தண்ணீர் எழுந்து சன்னல் வழியாக வானத்துக்குப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். ஆசியாவைக் கூப்பிட்டார். அவள் வந்து குனிந்து எண்ணைப் பார்த்தாள்.

"ஒண்ணுதானேங்க எறங்கியிருக்கு," என்றாள்.

"ஒண்ணு," என்றார் மூஸா, மீட்டரை எடுக்காமலே.